மனைக்கு ஒப்புதல் உண்டு, மண்டலத்துக்குத் திட்டம் எங்கே?

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி பாலசமுத்திரம். கொடைக்கானல் மலைச்சரிவில் பெய்யும் மழை பாலாறாகவும் பொருந்தலாறாகவும் இறங்கி, இங்கே அணையில் தேங்கி, ஆயக்கட்டுக்குப் போக மிஞ்சியது சண்முகநதி வழியே அமராவதியில் சேர்கிறது. பக்கத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் ஈமக்குழி ஒன்றிலிருந்து எடுத்த நெல், காலக்கணிப்பில் கி.மு. 490 என்று வந்தது. அது அங்கேயே விளைந்ததா என்பது ஆய்வாளர் பாடு. ஆனால் மலையும் நீரும் வயலும் ஒரே கோவையாக இருப்பதால்தான் இந்த அடிவாரம் இவ்வளவு காலம் ஊராக இருந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

நிர்வாகம் அந்தக் கோவையைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. மேலே காடு வனத்துறைக்கு. பட்டியலிட்ட மலைக் கிராமங்களில் கட்டடம் கட்ட, 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள். அணை நீர்வளத்துறைக்கு, மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு, தெருவும் சாக்கடையும் உள்ளாட்சிக்கு. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் மண்டலத் திட்டத்துக்கு 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமே இடம் தந்திருக்கிறது. நடைமுறையில் கவனமெல்லாம் நகரங்களின் முழுமைத் திட்டத்திலும் மனை ஒப்புதலிலும்தான் போயிற்று. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வழி திறந்தன. வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது தேவைதான். ஆனால் நடந்து முடிந்ததைப் பதிவுக்குள் கொண்டுவருவது திட்டமிடல் ஆகாது.

ஒவ்வொரு மனையும் விதிப்படி சரியாக இருந்தும் மொத்தம் தவறாகப் போகலாம். வாய்க்காலின் நடுப்பகுதியில் நாலு வயல் மனையானால் அங்கே தூர்வார ஆளில்லை. வீட்டுக் கழிவுநீர் வாய்க்காலில் இறங்கும். கடைமடைக்குத் தண்ணீர் குறையும். அங்குள்ளவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், கடன் ஏறும், தரிசு விடுவார். பிறகு தரகர் வந்து, "விளையாத பூமிதானே" என்பார். அந்தப் பூமி விளையாமல் போனதற்குக் காரணம் இரண்டு பர்லாங் மேலே கொடுக்கப்பட்ட ஒப்புதல். எந்த அலுவலகக் கோப்பிலும் இந்தத் தொடர்பு வராது; கோப்பு சர்வே எண்ணோடு முடிந்துவிடும்.

விவசாயம் கட்டுப்படியாகாதபோது நிலத்தை விற்கவும் கூடாது என்றால் எப்படி என்ற கேள்வி நியாயமானது. மண்டலத் திட்டம் என்றால் தடை என்று பொருள் இல்லை. பாசனம் எட்டாத புஞ்சையில், சாலை ஓரத்தில் வீடு வரட்டும், ஆயக்கட்டு நஞ்சை பிழைக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்வது அது. நீருக்காக நிலத்தை அப்படியே வைத்திருப்பவருக்கு ஈடும் தர வேண்டும். நியூயார்க் நகரம் 1997 உடன்படிக்கைப்படி தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் பணம் செலவிடுகிறது. காரணம் தர்மசிந்தை இல்லை, சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது அதைவிட அதிகச் செலவு.

மேலிருந்து கோடு போட்டால் மக்கள் எதிர்ப்பார்கள் என்ற எச்சரிக்கையும் சரியே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் கூருணர்வுப் பகுதிக்கு 2014 முதல் வரைவு அறிவிக்கை மேல் வரைவு அறிவிக்கையாக வெளியானதே அதற்குச் சாட்சி. ஆனால் அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு கேட்பது, ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் மாவட்டத் திட்டக் குழு. அதன் மேசைக்கு வட்ட எல்லையை விட்டு ஆற்று எல்லையில் வரைந்த வரைபடம் வரட்டும். தமிழில், சர்வே எண்ணோடு, ஒப்புதலுக்கு முன்பே கிராம சபைகளிலும் பேரூராட்சியிலும் விரித்து வைக்கப்படட்டும். கடைமடைக்காரர் தன் வயலையும் மேலே வரப்போகும் மனைப்பிரிவையும் ஒரே தாளில் பார்த்து ஆட்சேபம் எழுத முடியும்.