ஜாக்கியின் காலடி மண்

இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் தன் கீழுள்ள மண்ணைச் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 5 கிலோ வீதம் அழுத்துகிறது. சுமார் 14,500 டன் எடை, ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள வளைய வடிவ அடித்தளத்தில் பரவி நிற்பதால் வரும் கணக்கு இது. அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லப்படும் வீட்டு வண்டியைப் பாருங்கள். படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் பேருந்து அளவிலான கூட்டுக்குள் அடங்கிய வண்டி. நடுத்தர அளவு என்றாலே 10 டன் இருக்கும். முகாமில் நிறுத்தியதும் அடியிலிருந்து நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் இறங்கி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஜாக்கியின் முனையில் இருப்பது சுமார் 25 செ.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புப் பாதம். அதன் மேல் 2.5 டன் இறங்கினால் அழுத்தம் எவ்வளவு? அதே 5 கிலோ. பைசாவின் மண் தாங்க முடியாமல் கோபுரத்தைச் சாயவிட்ட அதே அழுத்தத்தை, விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் புல்தரையின் மீது நான்கு இடங்களில் வைக்கிறது.

இதனால்தான் ஜாக்கியின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பலகை வைக்கிறார்கள். மரம், பிளைவுட், பாலிஎத்திலீன், மறுசுழற்சி ரப்பர், அலுமினியம் என்று பல வகைகள் கடைகளில் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றின் மீது பளிச்சென்று தெரியும்படி ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்: இத்தனை டன் தாங்கும். வாங்குபவரின் கண்ணும் அந்த எண்ணின் மேல்தான் விழுகிறது. அந்த எண் தேர்வுக்கு ஏறக்குறைய உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பலகை நொறுங்குமா என்பது ஒரு கேள்வியே இல்லை. மண் எவ்வளவு தாங்கும், அந்த மண்ணின் மீது சுமையை உண்மையிலேயே பரப்பும் அளவுக்குப் பலகை வளையாமல் நிற்குமா என்பவைதான் கேள்விகள்.

மட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். தூக்கம், கதவு தானாகத் திறந்துகொள்வது போன்றவை ஒருபுறம் இருக்கட்டும். பல வண்டிகளில் இன்றும் இருப்பது, 1922-ல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் இருவரும் உருவாக்கிய வகைக் குளிர்பெட்டி. அதில் கம்ப்ரஸர் கிடையாது, பம்பு கிடையாது. எரிவாயுச் சுடரின் வெப்பத்தில் அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து, குளிர்ந்து, ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் ஆவியாகி, மீண்டும் நீரில் கரைகிறது. திரவத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் புவியீர்ப்புதான். பெட்டி சில டிகிரிக்கு மேல் சாய்ந்தால் குழாயின் ஒரு வளைவில் திரவம் தேங்குகிறது. கொதிகலம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த உப்பு படிந்து குழாயை அடைத்துவிடுகிறது. அப்படி அடைத்துக்கொண்ட பெட்டியை மீட்பது கடினம். ஆகவே மாலையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த வண்டி, காலையிலும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும்.

இப்போது எண்களுக்கு வருவோம். சாதாரண ஸ்ப்ரூஸ், பைன் வகை மரத்தை நார்களுக்குக் குறுக்கே அழுத்தினால், வடிவமைப்பில் அனுமதிக்கப்படும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ. டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு 44. பாலிஎத்திலீன் நசுங்கத் தொடங்குவது 200 கிலோ அளவில். ஜாக்கி கொடுப்பதோ 5 கிலோ. எந்தப் பலகையும் நசுங்கப் போவதில்லை. மறுபக்கம் மண்ணைப் பாருங்கள். அமெரிக்க மாநிலங்கள் பரவலாகப் பின்பற்றும் கட்டட விதித்தொகுப்பு, தனியாக மண் ஆய்வு செய்யாத இடங்களுக்கு ஓர் அட்டவணை தருகிறது. களிமண்ணுக்கும் வண்டலுக்கும் சதுர அடிக்கு 1,500 பவுண்டு, மணலுக்கு 2,000, சரளைக்கு 3,000. நம் அளவில் சொன்னால் சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ, 1 கிலோ, ஒன்றரைக் கிலோ. இரண்டரை டன் சுமையை முக்கால் கிலோவாகக் குறைக்க ஏறத்தாழ 60 செ.மீ.க்கு 60 செ.மீ. பலகை தேவை. மணலுக்கு 50 செ.மீ. சதுரம், நன்கு இறுகிய சரளைக்கு 42 செ.மீ. இருந்தால் போதும். கடையில் பரவலாக விற்கும் பலகைகள் பலவும் அந்த 60 செ.மீ.யில் பாதிப் பக்க அளவு கொண்டவை. பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும்.

கட்டடத்துக்கான விதியை இரண்டு நாள் நிற்கும் வண்டிக்குப் பொருத்தலாமா என்ற மறுப்பு நியாயமானது. அந்த எண்களில் தாராளமான பாதுகாப்பு வரம்பு அடங்கியிருக்கிறது. கட்டடம் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது. ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும் காரணமும் உண்டு. கட்டடம் கட்டுபவர் மேல்மண்ணை அகற்றி, வேரும் மட்கும் இல்லாத ஆழத்தில் அடித்தளம் போடுகிறார். சுற்றியுள்ள மண்ணின் எடையே அடித்தளத்தின் கீழுள்ள மண் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்துக்கொள்கிறது. முகாமில் நிற்கும் வண்டி, விதித்தொகுப்பு கணக்கில் சேர்க்காத அதே புல்வேர் மண்ணின் மேல் நிற்கிறது. ஒன்று கொடுக்கும் சலுகையை மற்றொன்று பெருமளவு தின்றுவிடுகிறது. உலர்ந்த தரையில் ஓரிரவு தங்குவதற்கு 45 செ.மீ. சதுரம் போதும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். 30 செ.மீ.யை மட்டும் ஏற்க முடியாது.

பரப்பு கிடைத்துவிட்டால் போதுமா? இங்குதான் விஷயம் சுவையாகிறது. 60 செ.மீ. பலகையின் நடுவில் 25 செ.மீ. பாதம் அமர்ந்தால், சுற்றிலும் 17 செ.மீ.க்கு மேல் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழிருந்து மண் தள்ளும்போது அந்த விளிம்பு மேல்நோக்கி வளைகிறது. வளைந்த விளிம்பு மண்ணின் மீது அழுத்தாது. அழுத்தாத விளிம்பு சுமையில் பங்கெடுக்காது. காகிதத்தில் 60 செ.மீ. இருந்த பலகை, மண்ணைப் பொறுத்தவரை 35 செ.மீ. ஆகிவிடும். வளையாமல் இருக்கும் குணத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பொருளின் விறைப்பு, பலகையின் தடிமன். தடிமன் மும்மடியாக வேலை செய்கிறது. இருமடங்கு தடிமன் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. 19 மி.மீ. பிளைவுட் இரண்டைப் பசை போட்டு ஒட்டிய 38 மி.மீ. பலகையைக் கணக்கிட்டால், விளிம்பு வளைவது சுமார் கால் மில்லிமீட்டர். 25 மி.மீ. பாலிஎத்திலீன் பலகையின் விளிம்பு அதே சுமையில் 9 மி.மீ. வளையும். ஈர மண் சிறிதளவே அமிழும் இடத்தில் 9 மி.மீ. என்பது பெரிய தொகை. பிளாஸ்டிக்கின் விறைப்பு பிளைவுட்டினுடையதில் பத்தில் ஒரு பங்கு என்பதே காரணம். அந்த இரண்டு பிளைவுட் துண்டுகளையும் ஒட்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், வளையும்போது ஒன்றின் மேல் மற்றொன்று வழுக்கும். விறைப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஒரு குவளைப் பசைக்கு நான்கு மடங்கு பயன் இருக்கிறது.

இரும்புத் தகடு இதைவிட மேல் என்று தோன்றலாம். 12 மி.மீ. இரும்பு, 60 செ.மீ. சதுரத்தில் 34 கிலோ எடை வரும். 38 மி.மீ. பிளைவுட் சுமார் 8 கிலோதான். விறைப்பிலோ பிளைவுட் இரும்புக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ வருகிறது. தடிமனின் மும்மடி, பொருளின் குறையை ஈடுகட்டிவிடுகிறது. நான்கு மூலைக்கும் நான்கு பலகையைத் தூக்கிப்போட வேண்டியவருக்கு இந்த வேறுபாடு முதுகில் தெரியும். வெறும் மரப்பலகைக்கு வேறொரு பலவீனம்: நார் ஓடும் திசையில் பிளந்துகொள்ளும். பிளைவுட்டில் ஒரு மெல்லடுக்கின் நார் அடுத்த அடுக்கின் நாருக்குக் குறுக்காகச் செல்வதால் பிளவு ஓடுவதற்கு வழியில்லை. ரப்பர் பலகையின் விறைப்பு இவை எல்லாவற்றையும் விட மிகமிகக் குறைவு. பாதம் வழுக்காமல் பிடிக்கும், சிமெண்ட் தரையில் கீறல் விழாமல் காக்கும். சுமையைப் பரப்ப மட்டும் அதை நம்பக் கூடாது.

பிளாஸ்டிக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிரேன்களின் பக்கக் கால்களுக்கு அடியில் பாலிஎத்திலீன் பலகைகளைத் தொழில்முறையாகவே பயன்படுத்துகிறார்கள். நீர் உறிஞ்சாது, பிளக்காது, வளைந்தாலும் சுமை நீங்கியதும் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும். ஆனால் கிரேன் பலகைகள் தடிமனானவை. 25 மி.மீ. துண்டை வாங்கிவிட்டு அதே பொருள்தானே என்று ஆறுதல் கொள்வதில்தான் பிசகு. மேலும் அந்தப் பொருள் வழுவழுப்பானது. ஈரப் புல்லும் சரிவான தரையும் சேர்ந்தால் பலகையே நகரலாம். சேறும் மழையும் மிகுந்த இடங்களில் ஆண்டு முழுக்கச் சுற்றுபவர் 50 மி.மீ. பிளாஸ்டிக் வாங்கலாம். மற்றவர்களுக்கு, ஓரங்களில் வண்ணம் பூசி ஈரம் புகாமல் செய்த ஒட்டிய பிளைவுட்டே என் தேர்வு.

மண்ணியல் படித்தவர் ஒருவர் இங்கே ஓர் ஐயம் எழுப்பக்கூடும். அகலமான அடித்தளத்தின் அழுத்தம் ஆழமாகப் பரவுமே, பெரிய பலகை அடியிலுள்ள இளகிய அடுக்கைத் தொட்டுவிடாதா? பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1885-ல் கொடுத்த சூத்திரம் இதற்கு விடை சொல்கிறது. அடித்தளத்தின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். 60 செ.மீ. பலகைக்கு அந்த ஆழம் 120 செ.மீ. அங்கே மிஞ்சுவது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராம் அளவு. பலகையே இல்லாமல் வெறும் பாதம் இறங்கினாலும் அதே 120 செ.மீ. ஆழத்தில் 80 கிராம் வரும். மொத்தச் சுமை மாறவில்லை, ஆகவே ஆழத்திலும் நிலைமை மோசமாகவில்லை. மேலே ஒரு சாண் ஆழத்தில் மட்டும் பெரும் நன்மை கிடைக்கிறது. பைசாவின் துயரம் வேறு. 20 மீட்டர் அகலம் என்பதால் அதன் அழுத்தம் கீழே புதைந்திருந்த களிமண் அடுக்கு வரை போய்ச் சேர்ந்தது. ஜாக்கிக்கு எதிரி மேல்மண்தான்.

அந்த மேல்மண் ஒரே இரவில் மாறிவிடும். ஃபுளோரிடாவின் மணற்பாங்கான முகாமில் மாலையில் காலால் மிதித்தால் தரை கெட்டியாகவே இருக்கும். மணல்மணிகளுக்கு இடையில் இருக்கும் கொஞ்சம் ஈரம், அதன் பரப்பு இழுவிசையால் மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கும். மழை பெய்து இடைவெளிகள் நிரம்பிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மண்ணின் வலிமை மொத்தச் சுமையைச் சார்ந்ததல்ல, மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைச் சார்ந்தது என்ற கருத்தை மண் இயந்திரவியலின் அடிப்படையாக்கியவர் கார்ல் டெர்சாகி. 1925-ல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது என்பார்கள். வானம் கருத்திருக்கும் மாலையில், கண் முன்னால் தெரியும் மண்ணுக்கு அல்ல, விடிந்தால் இருக்கப்போகும் மண்ணுக்குப் பலகை தேட வேண்டும்.

தார்த் தளம் தனிக் கதை. வண்டியின் டயரே சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அளவில் அழுத்துகிறது, அதைத் தாங்கும் தார் 5 கிலோ ஜாக்கியைத் தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. டயர் ஓரிடத்தைக் கடப்பது நொடியில் மிகச் சிறிய பகுதிக்குள். ஜாக்கி நிற்பது நாள்கணக்கில். தார் என்பது மிக மெதுவாக ஓடும் திரவம் போன்றது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் தாமஸ் பார்னெல் தொடங்கிய சோதனையில், சுத்தியலால் அடித்தால் உடையும் கீல் ஒரு புனலிலிருந்து பல ஆண்டுகளுக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டிருக்கிறது. சாலைத் தார் வேறு பொருள்தான், ஆனால் குணம் அதே குடும்பம். அரிசோனாவின் கோடையில் கருந்தளம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது இன்னும் வேகமாக இளகி நகர்கிறது. சித்திரை வெயிலில் சைடு ஸ்டாண்டு போட்ட பைக் தார்ச்சாலையில் குழி பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய கடைகளின் வாகன நிறுத்தங்களில் இரவு தங்கும் அமெரிக்கப் பயணிகளிடம், தார்த் தளத்தில் ஜாக்கி இறக்கக் கூடாது என்றே ஒரு நடத்தை நெறி இருக்கிறது. குழியைச் சரிசெய்யும் செலவு இடம் கொடுத்தவர் தலையில் விழும் என்பதால் அது சரியான நெறிதான். அனுமதியோடு இறக்குபவர்கள் மிகப் பெரிய, விறைப்பான பலகையையே வைக்க வேண்டும்.

பலகையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்துகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவச் சான்றும் பொய்யல்ல. அவர்களில் பலர் சிமெண்ட் மேடை போட்ட முகாம்களிலோ, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் கூடும் அரிசோனாவின் குவார்ட்ஸைட் போன்ற இறுகிய சரளைப் பாலையிலோ நிறுத்துகிறார்கள். சிமெண்டுக்கு இந்த அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. தானியங்கி மட்டக் கருவி இருக்கிறதே என்பது இன்னொரு பதில். கருவி மட்டத்தைத்தான் மீட்கும், மண்ணை மீட்காது. நான்கு ஊன்றுகோல்களில் ஒன்று அமிழ்ந்தால் அதன் சுமை மற்றவற்றுக்குத் தாவும். மூன்று புள்ளிகளே ஒரு தளத்தை நிறுவிவிடும் என்பதால், நான்காவது ஏமாற்றும்போது வண்டியின் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. கருவி மீண்டும் மீண்டும் தள்ள, பாதம் மீண்டும் மீண்டும் இறங்கும். அதனால் பலகையை வண்டியின் எடையில் நேர் கால்பங்குக்கு அளவெடுக்காமல், மிக அதிகச் சுமை வரும் மூலைக்கும் மிக இளகிய மண்ணுக்கும் அளவெடுத்து, நான்கையும் அதே அளவில் செய்துகொள்வது நல்லது.

சரிவான இடத்தில் ஜாக்கியின் நீளம் போதாமல் கட்டைகளை அடுக்குபவர்களும் உண்டு. ஓரளவு உயரம் உதவும். ஜாக்கி குறைவாக நீளும்போது அதன் தண்டு பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும். அடுக்குவதானால் பெரியது அடியில், சிறியது மேலே, ஒவ்வோர் அடுக்கும் முன்னதற்குக் குறுக்காக இருக்கட்டும். பின்சக்கரங்களை மட்டும் தரையிலிருந்து தூக்கிவிடக் கூடாது. பெரும்பாலான மோட்டார் ஹோம்களில் நிறுத்து பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை காற்றில் நின்றால் 10 டன் வண்டியைச் சரிவில் பிடித்துவைக்க நான்கு பலகைகளின் உராய்வைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த அளவு சரிவு இருந்தால் முன்சக்கரத்தைச் சாய்வுக்கட்டையின் மேல் ஏற்றி நிறுத்தலாம், அல்லது வேறு இடம் கேட்டு வாங்கலாம்.