நம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டறியும் உரிமை

ஒருவர் ஒரே வீட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அலுவலகப் பதிவில் அவருடைய பெயரோ ஆண்டோ பிழைபட்டிருப்பின், அவ்வாழ்வுக்குரிய சான்று வலுவிழந்துவிடும். மும்பையின் தாராவியில் 2024 மார்ச்சில் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பு இதனை நன்கு விளக்கும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் எண் இட்டு, அளவெடுத்து, குடியிருப்போரின் ஆவணங்களைத் திரட்டுவது அதன் முறை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோர் தாராவியிலேயே இலவச வீடு பெறலாம். பின்னர் வந்தோருக்கு நிபந்தனைகள் வேறு.

தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் எழுதுவர். மகாராஷ்டிரப் பதிவுகளிலோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றும் இடம்பெறுவது வழக்கம். ஆகவே ரேஷன் அட்டையில் ஒருவிதமாகவும், மின்கட்டண ரசீதில் வேறுவிதமாகவும் ஒருவருடைய பெயரே மாறித் தோன்றக்கூடும். முடிவு வெளியாகுமுன்னரே தம்மைப் பற்றிய பதிவைப் பார்த்துக்கொள்வது நலம்.

இதற்கு வழி செய்வது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அதிகாரிக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. மகாராஷ்டிர விதிகளின்படி விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றி, 150 சொற்களுக்கு மிகாமல் அமைதல் வேண்டும். காரணம் கூற வேண்டியதில்லை. பிறருடைய சொந்த விவரங்களைத் தர அதிகாரி மறுக்கலாம். எனவே கேட்பது தமது பதிவே என்பதைத் தெளிவாக எழுதி, அடையாளச் சான்றின் நகலை இணைத்தல் நன்று.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, மராத்தியிலோ இருத்தல் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு ஆசிரியரின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் அமைக்க உதவுவது அதிகாரியின் கடமையாகும். 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், அடுத்த 30 நாட்களுக்குள் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு செய்யலாம். அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்தை நாடலாம்.

தனியார் நிறுவனங்கள் இச்சட்டத்தின் கீழ் நேரடியாக வாரா. எனினும் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வங்கிக்கடன் நாடுவோர், தமது கடன் வரலாற்று அறிக்கையைக் கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கொருமுறை இலவசமாகப் பெறலாம். பிழை இருப்பின் திருத்தவும் கோரலாம். நிறுவனங்கள் வைத்துள்ள மின்னணு விவரங்களைக் கேட்டறியும் உரிமையை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வகுத்துள்ளது. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டுவது ஒன்று. விண்ணப்பத்தின் நகலையும், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டையும் விண்ணப்பதாரரே வைத்திருக்கச் செய்தல் வேண்டும். முறையீட்டுக் காலம் அத்தேதியைக் கொண்டே கணக்கிடப்படும்.