வண்டலூர் போறீங்களா? தாத்தா, பாட்டி, குட்டீஸ் யாரும் சோர்ந்துபோகாம ஒரு நாளைத் திட்டமிடலாம் வாங்க!

லீவு விட்டாச்சு. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று குழந்தைகள் ஆரம்பித்துவிட்டால், சென்னைக் குடும்பங்களில் முதலில் வந்து விழும் பெயர் வண்டலூர். ஆனால், போய்வந்த பலரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடந்து நடந்து கால் போயிடுச்சு!"

காரணம் எளிது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பளவு மட்டும் 602 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 1,490. பீச்சுக்கோ பார்க்குக்கோ போவதுபோல நினைத்துக் கிளம்பினால், மதியத்துக்குள் குழந்தை அழும். பாட்டி, "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க பார்த்துட்டு வாங்க" என்பார். அம்மாவோ எல்லாருடைய பையையும் சுமந்தபடி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். குடும்பத்தோடு போகும் நாளில், பாதிக் குடும்பம் மரத்தடியில் காத்திருப்பது நியாயமா? கொஞ்சம் திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

எந்த நாள், எந்த நேரம்?

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. அது தெரியாமல் வந்து மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. விழாக்காலங்களில் இதில் மாற்றம் இருக்கலாம் என்பதால், பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காணும் பொங்கலன்று வண்டலூரில் மனிதர்களைத்தான் அதிகம் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம்தான். பள்ளி விடுமுறையில் வரும் புதன், வியாழன் போன்ற வேலை நாள்கள் சிறந்தவை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் தாங்கும்.

நேரம் இதைவிட முக்கியம். பூங்கா திறந்தவுடன் உள்ளே இருக்க வேண்டும். பெரும்பாலான விலங்குகள் வெயில் ஏறும்வரைதான் சுறுசுறுப்பாக இருக்கும். பதினொன்றரை மணிக்குமேல் அவையும் நம்மைப் போலவே நிழல் தேடிவிடும். "ஒண்ணுமே தெரியல" என்று புலம்புபவர்களில் பலர், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எப்படிப் போகலாம்?

கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். குழந்தைகளுக்கு ரயில் பயணமே பாதி சந்தோஷம், செலவும் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அருகிலேயே இருக்கிறது. எப்படி வந்தாலும் ஜி.எஸ்.டி சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையை விடாதீர்கள். வயதானவர்கள் இருந்தால் அந்தச் சிறு தூரத்துக்கும் ஆட்டோ பிடித்துவிடுங்கள். கால் வலியை வாசலிலேயே தொடங்க வேண்டாமே!

பட்ஜெட்டை முன்பே பேசிவிடுங்கள்

2023-ல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என நான்கு பெரியவர்கள் என்றால், அதுவே 800 ரூபாய். பேட்டரி வாகனம், சஃபாரி, வீடியோ கேமரா எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம். குழந்தைகளுக்கான கட்டணத்தையும் சேர்த்து, நீங்கள் கிளம்பும் நாளில் என்ன நிலவரம் என்பதை இணையதளத்தில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரி வாகனமா, சஃபாரியா, இரண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. கவுன்ட்டரில் நின்று, குழந்தை எதிரிலேயே "அது வேண்டாம், காசு ஜாஸ்தி" என்று பேசும் சங்கடம் இருக்காது.

மெதுவாக நடப்பவர்தான் கேப்டன்!

குழுவில் யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவரை வைத்தே திட்டம் போடுங்கள். மூட்டுவலி உள்ள பாட்டியோ, மூன்று வயதுக் குட்டியோ இருந்தால், வந்தவுடன் பேட்டரி வாகனத்துக்குப் பதிவு செய்யுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் கூட்டம் சேர்ந்துவிடும். சக்கர நாற்காலி தேவைப்பட்டால், டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

பெரியவர்களை வெறும் துணைக்கு வருபவர்களாக நினைக்காதீர்கள். அவர்களிடம் கதை இருக்கிறது. இந்தப் பூங்கா 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் முயற்சியில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல்தான் வண்டலூருக்கு வந்தது. அந்தக் காலத்து மெட்ராஸ்வாசிகள் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா சிறுவயதில் அதைப் பார்த்தவராக இருக்கலாம். அப்போதைய கூண்டு எப்படி இருந்தது என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். மரங்களுக்கு நடுவே இருக்கும் இன்றைய திறந்தவெளி அடைப்பிடங்களின் அருமை அவனுக்குப் புரியும்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்

ஒரே நாளில் முழுப் பூங்காவையும் முடிக்க நினைப்பதுதான் களைப்புக்கு முதல் காரணம். முந்தைய நாள் இரவு ஆளுக்கு ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு யானை, குட்டிக்கு ஒட்டகச்சிவிங்கி என ஐந்தாறு போதும். வழியில் தெரிவதெல்லாம் போனஸ்!

பட்டியலில் நம் மண்ணின் விலங்குகளுக்கும் இடம் கொடுங்கள். சிங்கவால் குரங்கு இயற்கையில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பலரும் காட்டெருமை என்று சொல்லும் விலங்கு உண்மையில் காட்டுமாடு. வெள்ளைப்புலி தனி இனம் அல்ல. மரபணு மாற்றத்தால் நிறம் மாறிய வங்கப்புலிதான். இப்படி இரண்டு மூன்று தகவல்கள் தெரிந்திருந்தால், "இது என்னப்பா?" என்ற கேள்விக்கு போர்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஓட்டேரி ஏரியில் தண்ணீர் இருக்கும் குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளையும் பாருங்கள். இங்கே நடக்கத் தேவையில்லை, உட்கார்ந்து பார்க்கலாம்.

சிங்கம் தூங்கினால்..?

தூங்கும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரைகூட ஓய்வில் இருக்கும் விலங்கு. இதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. "எழுப்பிவிடுங்கப்பா" என்று கேட்டதும் விசில் அடிப்பது, கை தட்டுவது, கல்லை வீசுவது... இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை, பலவீனமான நிலையில் இருக்கும் ஓர் உயிரிடம் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதை அங்கே கற்றுக்கொள்கிறது.

இது சட்டப்படியும் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது, உணவு கொடுப்பது எல்லாவற்றுக்கும் தண்டனை உண்டு; சிறைகூட விதிக்கலாம். அன்பாகத்தான் ஒரு பிஸ்கட் போடுகிறோம் என்றாலும், அது விலங்கின் வயிற்றைக் கெடுக்கும்.

பையில் என்ன இருக்கணும்?

* ஸ்டீல் தண்ணீர் பாட்டில்கள். பூங்காவுக்குள் பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை, பையைச் சோதிப்பார்கள்.
* தொப்பி, குடை, பழகிய செருப்பு. புது ஷூவுக்கு இது நாள் அல்ல.
* வழக்கமான மாத்திரைகள், ஓ.ஆர்.எஸ் பாக்கெட், குழந்தைக்கு ஒரு மாற்று உடை.
* குழந்தையின் சட்டைப்பையில் அப்பா, அம்மா போன் நம்பர் எழுதிய சீட்டு.
* உணவு எடுத்துச் செல்வதற்கான விதியைப் போகும் முன் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப கட்டுங்கள். காலை டிபனை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

முக்கியமான ஒன்று... ஒரே பெரிய பை வேண்டாம். ஆளுக்கொரு சின்னப் பை கொடுங்கள், குழந்தைக்கும்தான். எல்லாச் சுமையும் அம்மா தோளில் ஏறினால், அவருக்கு அது விடுமுறை நாளே அல்ல.

திரும்பும் வழியில்...

கால் வலிக்கத் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். பார்க்காமல் விட்டதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பிடித்த விலங்கை விட்டுவர மனமில்லாத குழந்தை என்றால், பூங்காவின் விலங்குத் தத்தெடுப்புத் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். விலங்கு அங்கேயேதான் இருக்கும். அதன் உணவு, பராமரிப்புச் செலவுக்கு நாம் பணம் கட்டலாம். நடிகர் சிவகார்த்திகேயன் 'அனு' என்ற வெள்ளைப்புலியை இப்படித்தான் தத்தெடுத்தார். அவ்வளவு பெரிய தொகைக்கு நம்மால் முடியாவிட்டால் பரவாயில்லை. நாம் பார்த்துவிட்டுப் போன பிறகும் அந்த உயிர்களுக்குப் பசிக்கும், யாரோ தினமும் கவனிக்க வேண்டும் என்பது குழந்தைக்குப் புரிந்தால், அந்த 200 ரூபாய் டிக்கெட் வீண்போகவில்லை!