எண்டோமெட்ரியோசிஸ்: எதை உண்பது, எதை விடுவது?

சென்ற ஆண்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளம்பெண், பால், கோதுமை, முட்டை, மீன், பருப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தி, இறுதியில் சோறும் ரசமும் மட்டுமே உண்டுகொண்டிருந்தார். எண்டோமெட்ரியோசிஸுக்கு அதுவே மருந்து என்று எவரோ சொல்லியிருந்தனர். எடை ஆறு கிலோ குறைந்திருந்தது, ஹீமோகுளோபின் 8. மாதவிடாய் வலி மட்டும் சற்றும் குறையவில்லை.

இந்நோயில், கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பை, குடலின் மேற்பரப்பு போன்ற பிற இடங்களில் வளர்கிறது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த உணவும் அத்திசுவைக் கரைத்துவிடும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. மருந்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ உணவு மாற்றாகாது. ஆயினும் அழற்சி, வயிற்று உப்புசம், இரத்தசோகை ஆகிய மூன்றிலும் அது துணை நிற்கக்கூடும்.

அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் நம் உடலின் கொழுப்பு அமிலங்களிலிருந்தே உருவாகின்றன. எனவே கொழுப்பின் வகை முக்கியம். அமெரிக்கச் செவிலியரிடையே நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களிடம் இந்நோய் அதிகமாகவும், ஒமேகா-3 மிகுதியாக உண்டவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, காரணத்தை நிறுவவில்லை. எனினும் வனஸ்பதியில் செய்த பலகாரங்களைக் குறைப்பதில் இழப்பு ஏதுமில்லை. மத்தியும் நெத்திலியும் ஒமேகா-3 நிறைந்தவை, வஞ்சிரத்தைவிட மலிவானவையும்கூட. சைவ உணவினர் வறுத்துப் பொடித்த ஆளிவிதையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலருக்கு வலியைவிடப் பெருந்தொல்லை உப்புசம்தான். வெங்காயம், பூண்டு, ராஜ்மா, பால் ஆகியவற்றிலுள்ள சில மாவுச்சத்துகள் குடலில் நொதித்து வாயுவைப் பெருக்குகின்றன. உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் சுமார் நான்கு வாரங்கள் இவற்றைக் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பச் சேர்க்கும் இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாளித்தால் மணமும் கெடாது.

இரத்தப்போக்கு மிகுந்தவர்கள் கீரை, பயறு வகைகளுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காயைச் சேர்த்துண்ண வேண்டும். தேநீரையும் காபியையும் உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே அருந்த வேண்டும். ஹீமோகுளோபின் மிகக் குறைந்திருந்தால் உணவு மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரை அவசியம்.

மாத்திரைக்கும் அடங்காத வலி, மலம் கழிக்கையில் வலி, மாதவிடாய் நாட்களில் மலத்தில் இரத்தம் ஆகியவை இருப்பின் உணவு மாற்றத்தைச் சோதித்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். வீட்டில் சமைப்பவர்களுக்கும் ஒரு சொல்: "இவளுக்கென்று தனிச் சமையலா?" என்ற ஒரு கேள்வியே பல பெண்களை வாய்திறவாமல் இருக்கச் செய்கிறது.

அந்த இளம்பெண் இப்போது ஹார்மோன் மாத்திரையும் இரும்புச்சத்தும் எடுத்துக்கொள்கிறார். மீனும் பருப்பும் தட்டுக்குத் திரும்பிவிட்டன. அவருக்கு ஒவ்வாதது வெங்காயம் ஒன்றே என்பது நாட்குறிப்பு எழுதியதில் தெரிந்தது. அதுவும் மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் மட்டும்.