வேன் கூரையில் சூரிய மின்சாரம்! வெயில் இனாம்தான், ஒயர் உஷார்!

நன்னிலம்:-

அறுப்புக் காலம் வந்துவிட்டால் நன்னிலம் வட்டாரத்துக்கு வெளி மாவட்டங்களில் இருந்து நெல் அறுவடை எந்திரங்கள் வந்து இறங்கும். கூடவே வரும் டிரைவர்கள் பலருக்கு வண்டிதான் வீடு. ராத்திரி கொசுக்கடி. காத்தாடி போட கரண்ட் கிடையாது. செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற யார் வீட்டுத் திண்ணையையாவது தேடவேண்டும்.

இப்படி வண்டியிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு வேன் கூரையே மின்சாரம் கொடுக்கும். தமிழ்நாட்டு வாலிபர் ஒருவர் அதை ஆட்டோவிலேயே செய்து காட்டினார். இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆட்டோவில் வீடு

நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூரைச் சேர்ந்தவர் அருண் பிரபு. கட்டிடக் கலை படித்தவர். பழைய பஜாஜ் ஆட்டோ மீது 36 சதுர அடியில் ஒரு வீட்டையே கட்டினார். படுக்கை, அடுப்படி, குளியல், கக்கூஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். 6 போல்ட்டைக் கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி!

இந்த வீட்டுக்கு 600 வாட் சோலார் தகடும், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். 2021 பிப்ரவரியில் தொழில் அதிபர் ஆனந்த் மகிந்திரா டுவிட்டரில் பாராட்டியதும் நாடு முழுக்க இதே பேச்சாகிவிட்டது.

200 வாட் போதும்

வேனில் படுப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய தகடு தேவையில்லை. 200 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு சுமார் முக்கால் யூனிட் தரும். சேதாரம் போக அரை யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். 30 வாட் காத்தாடி ராத்திரி முழுக்கச் சுற்றினாலும் 0.3 யூனிட்தான். 2 எல்.இ.டி. பல்பு, 2 செல்போனையும் சேர்த்தால்கூட அரை யூனிட்டைத் தாண்டாது.

ஏ.சி., கரண்ட் அடுப்பு ஆசை வேண்டாம். 1 டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் சுமார் 1 யூனிட் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி மின்சாரம்கூட வராது.

எங்கே ஆபத்து?

தகட்டைக் கூரையோடு ஒட்டிவிடக் கூடாது. அடியில் காற்றுப் போக இடைவெளி வேண்டும். சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். ஓடுகிற வண்டியில் காற்று தகட்டைப் பிய்க்கப் பார்க்கும். கம்பிச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். ஓட்டை போட்ட இடத்தை அடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் நேராகப் படுக்கையில் ஒழுகும்.

முக்கியமானது பியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடவேண்டும். போடாமல் விட்டால், ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது தீப்பிடிக்கும். உள்ளே ஆள் தூங்கும் வண்டி அது! தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதில் கண்டிப்பு காட்டியது. எனவே கூரையில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. 2024-ல் தொடங்கிய சூரியவீடு திட்ட மானியம் வீடுகளுக்குத்தான். வேனுக்குக் கிடைக்காது.

இருளில் உதவும்

2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் மூழ்கின. சொந்தபந்தம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கக்கூட செல்போனில் சார்ஜ் இல்லை. புயல் ஓய்ந்து வெயில் அடித்தால், 200 வாட் தகடு போட்ட ஒரே ஒரு வேன் தினமும் 30 செல்போனுக்கு உயிர் கொடுக்கும். கம்பம் நடும் வரை ஒரு தெருவே அதை நம்பி இருக்கலாம்.