அந்தப் பழைய கத்தி திரும்பி வருமா?

மாணவர்களே, சுவிட்சர்லாந்து ராணுவம் 1961 முதல் 2008 வரை வாங்கிய 93 மில்லிமீட்டர் மடக்குக் கத்தியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அடுத்து வந்ததோ 111 மில்லிமீட்டர், பிளாஸ்டிக் பிடி. பழையதை மீண்டும் செய்யமாட்டார்களா என்பதே அவர்கள் ஏக்கம்.

அதன் பிடி அலுமினியம். மின்பகுப்பு படித்திருப்பீர்களே? அமிலக் கரைசலில் அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடு படலமாக மாறும். பெயின்ட் போல மேலே பூசியதல்ல, அதனால் உரியாது. (மாணிக்கக் கல்லும் அடிப்படையில் அலுமினியம் ஆக்சைடுதான்!)

இதே வகைப் பிடியுள்ள ‘பயனியர்’ கத்தியை விக்டோரிநாக்ஸ் இன்றும் விற்கிறது. பிறகு ஏன் ஏக்கம்? ராணுவக் கத்தியின் அலகடியில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். மறுவெளியீடு வந்தாலும் அதில் 61 இருக்காது. பழசின் மவுசு குறையாது என்றே நினைக்கிறேன்.