பாக்கெட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று

இரண்டு கேமராக்களிலும் ஜூம் கிடையாது. லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டவும் வழியில்லை. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியிருந்தும் ஒன்றை வாங்க மாதக்கணக்கில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். இன்னொன்றைப் பல வருடங்களாக வேறெதையும் தொடாமல் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முதலாவது ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ. இரண்டாவது ரிக்கோ ஜிஆர் 3. வீடு, தெரு, பயணம், குழந்தைகள் என்று அன்றாடத்தைப் படமெடுக்க நல்லதாக ஒரு சின்ன கேமரா தேடுகிறவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து திணறுகிறார்கள்.

சின்ன கேமரா என்ற இனமே இருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குக் கிளம்பின. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இந்தச் சரிவில் பெரும்பங்கு பாக்கெட் கேமராக்களுடையது. கல்யாண வீட்டில் ஆளுக்கொன்று வைத்திருந்த வெள்ளி நிறப் பெட்டிகளின் வேலையை செல்போன் அப்படியே வாங்கிக்கொண்டது. மிஞ்சியவற்றில் முக்கியமானவை, செல்போனுக்குள் அடங்காத ஒன்றை உள்ளே வைத்திருந்த கேமராக்கள்.

அடங்காத அந்தப் பொருள் சென்சார். ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு அது. எக்ஸ்100விஐ, ஜிஆர் 3 இரண்டிலும் இருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு, தோராயமாக 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றிலும் இதே அளவுதான். 'ஒரு இன்ச் சென்சார்' என்று பெருமையாக விளம்பரப்படுத்தும் விலையுயர்ந்த செல்போன்களில்கூட அதன் அளவு 13.2-க்கு 8.8 மி.மீ. மட்டுமே. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இந்த வித்தியாசம் பட்டப்பகலில் அதிகம் தெரியாது. ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில், சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெரியும். செல்போன் பல படங்களை மடமடவென்று எடுத்து ஒன்றாக ஒட்டி, இரைச்சலைத் துடைத்து, கன்னத்தையும் சேலை நெசவையும் சேர்த்தே மழுக்கிவிடும். பெரிய சென்சாருக்கு ஒரே சொடுக்கு போதும். நெசவும் இருக்கும், இருட்டும் இருட்டாகவே இருக்கும்.

எடுத்த படங்களை செல்போன் திரையைத் தாண்டி வேறெங்கும் பார்க்கப்போவதில்லை என்றால் இரண்டில் எதையும் வாங்கத் தேவையில்லை. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஆக, படத்தின் தரம் என்ற கேள்வியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தராசுத் தட்டில்தான். ஜிஆர் 3-இல் 24 மெகாபிக்சல், எக்ஸ்100விஐ-யில் 40 மெகாபிக்சல் என்ற கணக்கை வைத்து நடக்கும் வாதங்களில் பாதி வீண். வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு 24 தாராளம். கேமரா உடம்பில் எங்கே தங்குகிறது, எடுப்பவரின் கண் எங்கே இருக்கிறது, எதிரே நிற்பவருக்கும் அவருக்கும் எத்தனை அடி இடைவெளி என்பவற்றில்தான் இவை பிரிகின்றன.

ரிக்கோவின் கதை ஃபிலிம் காலத்தில் தொடங்குகிறது. 1996-இல் வந்த ஜிஆர்1, மெல்லிய உடலில் 28 மி.மீ. லென்ஸைப் பொருத்திய ஒரு ஃபிலிம் கேமரா. டோக்கியோ தெருக்களைக் கரகரப்பான கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்த டைடோ மோரியாமா இந்த வரிசையைக் கையில் எடுத்தது அதன் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது. 2005-இல் அது டிஜிட்டல் ஆனது. 2013-இல் பெரிய சென்சார் வந்தது. 2019 மார்ச்சில் ஜிஆர் 3 கடைக்கு வந்தது. தோற்றம் மட்டும் மாறவே இல்லை: மங்கலான கறுப்பு, பளபளப்பு இல்லை, அலங்காரம் இல்லை. பேட்டரியோடு சேர்த்து 257 கிராம். கனம் 33 மி.மீ. சட்டைப் பாக்கெட்டில் கொஞ்சம் தொங்கும். பேண்ட் பாக்கெட்டில் நிம்மதியாக உட்காரும். பொத்தானை அழுத்தினால் 0.8 நொடியில் லென்ஸ் வெளியே வந்து தயாராகிவிடும். எல்லா வேலையையும் வலது கையே பார்த்துக்கொள்ளும். இடது கையில் குடையோ காய்கறிப் பையோ இருக்கலாம்.

இதில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒரு வசதி உண்டு. ஜிஆர் பிரியர்களைக் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். சாதாரணமாக ஷட்டரை அழுத்தியதும் கேமரா எதிரே இருப்பதைத் தேடித் துழாவி, தூரத்தைக் கண்டுபிடித்து, பிறகுதான் படமெடுக்கும். அந்த நொடிப்பொழுதில் சிரிப்பு போய்விடும். ஸ்னாப் ஃபோகஸில் தூரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம், உதாரணமாக இரண்டு மீட்டர் என்று. பிறகு ஷட்டரை ஒரே மூச்சில் முழுதாக அழுத்தினால் தேடலே கிடையாது. நேராக அந்தத் தூரத்தில் நின்று படம் விழும். லென்ஸின் துவாரத்தை எஃப்/8-க்குச் சுருக்கி இரண்டு மீட்டரில் வைத்தால், சுமார் மூன்றரை அடியிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே ஓரளவு தெளிவாக வரும். 28 மி.மீ. போன்ற அகலப் பார்வை லென்ஸுக்கு இயல்பாகவே உள்ள குணம் இது. ரிக்கோ அதற்கு ஒரு வாசல் வைத்தது, அவ்வளவுதான். இதற்குக் கணினி மூளை எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் அழகு.

எக்ஸ்100 வேறு குடும்பம். 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் முதல் மாடலைக் காட்டினார்கள். அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. பழைய ஃபிலிம் கேமரா போலத் தோற்றம், மேலே ஷட்டர் வேகத்துக்குத் திருகு, லென்ஸைச் சுற்றித் துவார அளவுக்கு ஒரு வளையம். வெறும் ஏக்க வியாபாரம் என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தத் திருகுகளுக்குப் பின்னால் சரக்கு இருந்தது.

முக்கியமான சரக்கு வியூஃபைண்டர். எக்ஸ்100-இன் மூலையில் இருக்கும் சாளரத்தில் கண்ணை வைத்தால் தெரிவது திரை அல்ல. கண்ணாடி வழியே நேரடியாக உலகம். அதன்மேல் ஒளியால் வரைந்த ஒரு சட்டம் மிதக்கும். படத்தில் விழப்போவது சட்டத்துக்குள் இருப்பது. ஆனால் சட்டத்துக்கு வெளியே நடப்பதும் கண்ணுக்குத் தெரியும். சைக்கிள்காரர் ஒருவர் இடமிருந்து வருகிறார், இன்னும் இரண்டு நொடியில் சட்டத்துக்குள் நுழைவார் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். திரையைப் பார்த்து எடுக்கும் பெரும்பாலான கேமராக்கள் இதைத் தருவதில்லை. முன்பக்க நெம்புகோலை விரலால் இழுத்தால் அதே சாளரத்தில் மின்னணுத் திரை வந்துவிடும். எடுக்கப்போகும் படம் எப்படியிருக்குமோ அப்படியே காட்டும். இரண்டையும் ஒரே துளைக்குள் அடக்கியதுதான் 2010-இல் செய்த நல்ல காரியம். ஆறு தலைமுறைகளாக அதை அவர்கள் கைவிடவில்லை.

இதன் ஐந்தாம் தலைமுறையான எக்ஸ்100வி 2020-இல் வந்தது. வந்தபோது பெரிய ஆரவாரம் இல்லை. பிறகு டிக்டாக்கில் இளைஞர்கள் அதன் நிறங்களையும் தோற்றத்தையும் கொண்டாடத் தொடங்க, கடைகளில் இருப்பு தீர்ந்து, பழையது புதியதைவிட அதிக விலைக்குக் கைமாறும் விசித்திரம் நடந்தது. 2024 பிப்ரவரியில் எக்ஸ்100விஐ அறிவிக்கப்பட்டபோது விலை 1,599 டாலர். 40 மெகாபிக்சல் சென்சாரோடு, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் இந்த வரிசையில் முதல்முறையாக வந்தது. எடை 521 கிராம், ஜிஆர் 3-ஐப் போல இரண்டு மடங்கு. கனமும் 55 மி.மீ. எந்தப் பாக்கெட்டிலும் போகாது, கழுத்தில் தொங்கவேண்டியதுதான்.

கை நடுக்க விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டு கேமராக்களுமே சென்சாரை மெல்ல அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டுகின்றன. ஜிஆர் 3-இல் மூன்று அச்சுகளில், நான்கு படிகள் (ஒரு படி என்பது ஒளியில் இரு மடங்கு). எக்ஸ்100விஐ-யில் ஐந்து அச்சுகளில், ஆறு படிகள் வரை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இது எடுப்பவரின் கையை மட்டுமே நிறுத்தும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு அதிக ஒளி வேண்டும். ஜிஆரின் லென்ஸ் அகலத் திறந்தால் எஃப்/2.8, எக்ஸ்100-இன் லென்ஸ் எஃப்/2, அதாவது இரு மடங்கு ஒளி. இரவு நேர வீட்டுக்குள் குழந்தைகளைத் துரத்துகிறவர்களுக்கு இந்த ஒரு படி வித்தியாசம் மெகாபிக்சலைவிட முக்கியம். போதாக்குறைக்கு எக்ஸ்100-இல் சின்ன ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. ஜிஆர் 3-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இனி அடிக்கணக்கு. ஜிஆரின் பார்வை 28 மி.மீ., எக்ஸ்100-இன் பார்வை 35 மி.மீ. (இரண்டும் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில்.) காகிதத்தில் ஏழு மி.மீ. வித்தியாசம் சொற்பமாகத் தெரியும். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஐந்தரை அடி உயர ஆள் ஒருவரை உச்சி முதல் பாதம் வரை படத்தில் அடக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜிஆர் வைத்திருப்பவர் சுமார் ஆறரை அடி தூரத்தில் நிற்கலாம். எக்ஸ்100 வைத்திருப்பவர் எட்டடிக்குப் பின்வாங்கவேண்டும். சின்னச் சமையலறையில் எட்டடி கிடைக்காது. முதுகு சுவரில் முட்டும். சந்து, பேருந்து, நெரிசலான கடை போன்ற இடங்களில் ஜிஆரின் கை ஓங்கும். ஆனால் முகங்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. 28-இல் முகம் படத்தை நிறைக்கும் அளவுக்குக் கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். கூட்டமாக நிற்கவைத்தால் ஓரத்தில் நிற்கும் மாமா பக்கவாட்டில் அகலமாகிவிடுவார். 35 இந்த விஷயத்தில் சாந்தமானது. 28 பிடிக்காத ரிக்கோ ரசிகர்களுக்காகவே 2021-இல் 40 மி.மீ. பார்வையோடு ஜிஆர் 3எக்ஸ் என்ற உடன்பிறப்பு வந்தது.

மெகாபிக்சல் கொஞ்சம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு 50 மி.மீ. பார்வையைப் பெறும் வசதி இரண்டிலும் உண்டு. வெட்டிய பிறகு ஜிஆர் 3-இல் மிஞ்சுவது 7 மெகாபிக்சல், எக்ஸ்100விஐ-யில் சுமார் 20.

எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதும் கணக்கில் வரவேண்டும். கண்ணில் கேமராவை வைத்தால், 'உங்களைப் படமெடுக்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்வதாகிறது. இடுப்பருகே பிடித்த ஜிஆரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்தக் கண்ணுக்குத் தெரியாமையைப் பெரிய வரமாகத் தெருப் புகைப்படக்காரர்கள் பேசுவார்கள். ஆனால் அது எடுப்பவருக்கு வரம், எடுக்கப்படுபவருக்கு அப்படியல்ல. எக்ஸ்100வி அறிமுகத்துக்காக 2020-இல் ஃபூஜிஃபில்ம் வெளியிட்ட ஒரு விளம்பரப் படத்தில், டோக்கியோ தெருவில் வழிப்போக்கர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிப் படமெடுக்கும் கலைஞர் ஒருவரைக் காட்டினார்கள். கண்டனம் கிளம்பியது, படத்தை நிறுவனம் விலக்கிக்கொண்டது. கேமரா எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்காமல் முகத்தில் நீட்டினால் யாருக்கும் கோபம் வரும்.

நிறங்களைப் பொறுத்தவரை ஃபூஜிஃபில்முக்குக் குடும்பச் சொத்து இருக்கிறது. 1934-இல் ஃபிலிம் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. வெல்வியா, ப்ரோவியா போன்ற தன் ஃபிலிம்களின் நிறக்குணத்தைக் கேமராவுக்குள்ளேயே அமைத்துக் கொடுக்கிறது. எக்ஸ்100விஐ-யில் இருபது அமைப்புகள். கணினியில் உட்கார்ந்து திருத்தப் பொறுமையில்லாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ரிக்கோவில் தேர்வுகள் குறைவு. ஆனால் அதன் 'பாசிட்டிவ் ஃபிலிம்' நிறமும், அழுத்தமான கறுப்பு வெள்ளையும் தனி ருசி.

குறைகளில் ஜிஆருடைய பட்டியல் நீளம். முழு பேட்டரிக்கு 200 படங்கள்தான். கூடுதலாக ஒன்று பையில் இல்லாமல் வெளியூர் போகமுடியாது. எக்ஸ்100விஐ கண்ணாடிச் சாளரத்தை மட்டும் பயன்படுத்தினால் 450 வரை தாங்கும். ஜிஆரில் வியூஃபைண்டர் இல்லை, திரையும் நிமிராது, சாயாது. நம் ஊர் உச்சிவெயிலில் அந்தத் திரையில் எதுவும் சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி தூசு. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும்போது காற்றோடு தூசும் உள்ளே இழுபடுகிறது. அது சென்சாரில் ஒட்டினால் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் சாம்பல் புள்ளி. எக்ஸ்100-இன் லென்ஸ் அப்படி நீண்டு சுருங்குவதில்லை. தூசு, தூறல் தாங்கும் காப்பும் அதற்கு உண்டு. ஆனால் லென்ஸின் முன்னால் வளையமும் ஃபில்டரும் தனியாக வாங்கி மாட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையாகும்.

ஜிஆர் 3 வெளிவந்தபோது 899 டாலர். விலைதான் அதன் பெரிய பலமாக இருந்தது. 2025-இல் வந்த ஜிஆர் 4, ஐந்து அச்சு நடுக்கக் கட்டுப்பாடும் 53 ஜிபி உள்நினைவகமும் தந்து, விலையை 1,500 டாலரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தியது. குறைந்த செலவில் ஜிஆர் வேண்டுமென்றால் இனி பழைய ஜிஆர் 3-ஐத் தேடுவதுதான் வழி. அப்படித் தேடிப் போகிறவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யவேண்டும். துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ படமெடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்தால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். புள்ளிகள் நிறைய இருந்தால், அடுத்த ஆளைப் பார்க்கலாம்.